வளையம் எங்கே?

கதை எழுதுகிறவனுக்குக் காமிராவைப் பற்றிப் பேச என்ன வந்தது என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கும் அதை விற்கிறவனுக்கும் நடுவே நியாயம் எது, அநியாயம் எது என்று பேசுவதற்கு யந்திர சாஸ்திரத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. அதுவும் இது மிகச் சின்ன விஷயம். விரற்கடை அகலமுள்ள ஓர் உலோக வளையத்தைப் பற்றியது. அந்த வளையம் லென்ஸின்மேல் இருந்தது, எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

வளையம் என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நடந்தால் நம் கண்ணின் பாவை சுருங்குகிறது; இருட்டில் விரிகிறது. லென்ஸுக்குள்ளும் அப்படி ஒரு பாவை உண்டு. மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வட்டமாக நிற்கும்; நடுவே ஒரு துவாரம். அதைத்தான் அபர்ச்சர் என்கிறார்கள். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினால் துவாரம் பெரிதாகும், சிறிதாகும். வளையத்தின்மேல் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் பொறித்திருக்கும். ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். ஒவ்வோர் எண்ணிலும் 'டிக்' என்று ஒரு சின்னத் தடங்கல் விரலுக்குத் தெரியும். இருட்டிலும் எண்ணிக் கொள்ளலாம்.

துவாரம் பெரிதாயிருந்தால் குழந்தையின் முகம் மட்டும் தெளிந்து, பின்னாலுள்ள சுவர் கரைந்து போகும். சிறிதாயிருந்தால் முகமும் சுவரும் சுவரில் தொங்கும் காலண்டரும் ஒருங்கே தெளியும். எதைக் காட்டுவது, எதை மங்க விடுவது என்று தீர்மானிப்பதில் பாதி அந்த வளையத்தில் இருந்தது. கதை எழுதுகிறவனுக்கு அதன் மதிப்புத் தெரியும். அவனும் நாள் முழுதும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு லேசில் வயதாவதில்லை. பூசணம் பிடிக்காமல், கீறல் விழாமல் வைத்திருந்தால் அறுபது வருஷத்து லென்ஸ் இன்றும் வெளிச்சத்தை நன்றாகவே குவிக்கும். காமிராவின் 'பாடி' அப்படியில்லை. டிஜிட்டல் காலத்தில் அது சில வருஷங்களில் சலித்துப் போகிறது. ஆகவே விஷயம் தெரிந்தவர்கள், "பாடியில் சிக்கனம் பண்ணு, லென்ஸில் பண்ணாதே" என்பார்கள். நடுத்தரக் குடும்பத்தில் ஒருவன் மாதாமாதம் மிச்சம் பிடித்து ஒரு நல்ல லென்ஸ் வாங்குகிறான் என்றால், அது தனக்குப் பின்னும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறான். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஒரு காலத்தில் லென்ஸ் என்பது எந்த வீட்டுக்கும் போய் வரக்கூடிய விருந்தாளியாக இருந்தது. இன்று ஒருவர்மேல் ஒருவர் வரிந்து கட்டிக்கொண்டு நிற்கிற கேனனும் நிக்கானும் தொடங்கிய கதையைப் பாருங்கள். 1936-ல் வெளிவந்த ஹான்ஸா கேனன் என்ற முதல் கேனன் காமிராவில் இருந்த லென்ஸ் எது தெரியுமா? நிக்கார்! நிப்பான் கோகாகு என்று அன்று பெயர் கொண்டிருந்த நிக்கான் கம்பெனி செய்து கொடுத்தது. ஒருவர் உடலைச் செய்தார். இன்னொருவர் கண்ணைக் கொடுத்தார். 

நிக்கானுக்கு உலகப் புகழ் வந்ததும் இதே வழியில்தான். 1950-ல் 'லைப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானில் இருந்தார். ஜுன் மிக்கி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் 85 மில்லிமீட்டர் நிக்கார் லென்ஸில் எடுத்த படத்தைப் பார்த்து அவர் அசந்து போனார். நேரே தொழிற்சாலைக்குப் போனார். கொரியாவில் யுத்தம் மூண்டபோது அவர் தோளில் தொங்கியது ஜெர்மன் தேசத்து லைக்கா. அதன் முகத்தில் இருந்ததோ ஜப்பான் தேசத்து நிக்கார். அந்தப் படங்கள் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நிக்கார் என்ற பெயரை உலகமே உச்சரிக்க ஆரம்பித்தது. லைக்காவின் வாய் அன்று நிக்காரை ஏற்க மறுக்கும்படி அமைந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்குமா? பிறர் வீட்டுத் திண்ணையில் இடம் கிடைத்து வளர்ந்த ஒருவன், தனக்கு வீடு வந்ததும் திண்ணையை இடித்துவிடலாமா?

நியாயத்தை நியாயம் என்றே சொல்ல வேண்டும். நிக்கான் உடனே இடித்துவிடவில்லை. 1959-ல் நிக்கான் எஃப் என்ற காமிரா வந்தது. அதன் வாயின் அளவைப் பல பத்தாண்டுகள் அவர்கள் மாற்றவே இல்லை. 1977-ல், வளையத்தின் நிலையைக் காமிரா தானாக அறிந்துகொள்ள ஒரு புதிய ஏற்பாடு செய்தார்கள். வளையத்தின் பின்னால் ஒரு சிறு மேடு. பாடியில் அந்த மேட்டைத் தொட்டு நகரும் ஒரு சிறு நாக்கு. அவ்வளவுதான்! துவாரம் எத்தனை படி சுருங்கப் போகிறது என்று ஒளிமானிக்குத் தெரிந்துவிடும். பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களைக் கைவிடாமல், வளையத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். 'ஏ.ஐ.' லென்ஸ்கள் என்று இவற்றைச் சொல்லுவார்கள். இன்றைய செயற்கை அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாங்கியவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்றால் இதுதான்.

கேனன் வேறு வழி போயிற்று. 1987-ல் ஈ.ஓ.எஸ். 650 என்ற காமிராவோடு தன் பழைய எஃப்.டி. வாயை ஒரே வெட்டாக வெட்டிவிட்டது. புது லென்ஸில் வளையமே கிடையாது. துவாரத்தைத் திறப்பதும் மூடுவதும் மின்சாரம். எஃப்.டி. லென்ஸ்களில் பணம் போட்டவர்கள் வயிறு எரிந்தார்கள். எரிந்தது நியாயமே. ஆனால் அன்று வாங்கிய வளையமில்லாத ஈ.எஃப். லென்ஸை, 2018-ல் கேனன் கொண்டுவந்த ஆர்.எஃப். காமிராவில் ஓர் அடாப்டர் வைத்துப் பொருத்தினால் ஆட்டோ போகஸ் உட்பட எல்லாம் நடக்கிறது. ஆகவே நான் மின்சாரத்தின்மேல் குற்றம் சொல்ல வரவில்லை. மின்சாரத்தை வைத்துக்கொண்டும் விசுவாசமாக இருக்கலாம் என்பதற்குக் கேனனே சாட்சி.

பிறகு குற்றம் எங்கே? 2000-ஐ ஒட்டி நிக்கான் 'ஜி' என்ற வரிசையைக் கொண்டுவந்தது. லென்ஸின் மேலிருந்த வளையம் போயிற்று. அவர்கள் சொன்ன காரணத்தில் ஓரளவு உண்மை இருந்தது. புதுக் காமிராக்களில் துவாரத்தைப் பாடியிலுள்ள சக்கரத்தால்தான் மாற்றினார்கள். வளையம் கடைசி எண்ணில் பூட்டப்பட்டுச் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பதை எடுத்தால் விலை குறையும், எடை குறையும். சரி. ஆனால் வளையத்தை நம்பியே இயங்கிய பழைய பாடியில் இந்தப் புது லென்ஸை மாட்டினால் என்ன ஆகும்? துவாரம் எப்போதும் அடிமட்டத்துக்குச் சுருங்கி நிற்கும். திறக்கச் சொல்ல வளையம் இல்லை. பழைய வீட்டுக்குப் புது மருமகள் வரும் வழி அன்றே அடைபட்டது.

பழைய லென்ஸ் புது வீட்டுக்கு வரும் வழியையாவது விட்டு வைத்தார்களா? இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. 2005-ல் வந்த டி 200, 2010-ல் வந்த டி 7000 முதலிய விலை கூடிய நிக்கான் டிஜிட்டல் காமிராக்களில் அந்தச் சிறு நாக்கு இருந்தது. லென்ஸின் விவரத்தைப் பதிவு செய்துவிட்டால் 1977-ன் லென்ஸ் அங்கே மரியாதையோடு வேலை செய்தது. 2004-ன் டி 70-லும், 2006-ன் டி 40-லும், பின்னர் வந்த டி 3000, டி 5000 வரிசைகளிலும் நாக்கு இல்லை. பழைய லென்ஸ் அவற்றில் மாட்டிக்கொள்ளும். ஆனால் மாட்டிய மாத்திரத்தில் ஒளிமானி வாயை மூடிக்கொள்ளும். கையாலேயே எல்லாவற்றையும் வைத்து, படமெடுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடியும் எடுக்க வேண்டியதுதான். டி 40 முதல் அந்த மலிவுக் காமிராக்களில் ஆட்டோ போகஸ் மோட்டாரும் இல்லை. ஆகவே 1990-களின் ஆட்டோ போகஸ் லென்ஸ்களும் அவற்றில் கையால்தான் திருகப்பட்டன.

இந்த மலிவுக் காமிராக்களை வாங்கியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரி மாணவன், புதிதாய் வேலைக்குப் போன பெண், கலியாண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கலாம் என்று தொடங்கும் இளைஞன். புது லென்ஸுக்குக் கையில் பணம் இல்லாதவர்கள் இவர்கள்தாம். அப்பாவின் பீரோவிலோ பழைய பொருள் விற்கும் கடையிலோ கிடைக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் யாருக்காவது வரப்பிரசாதம் என்றால் அது இவர்களுக்குத்தான். ஆனால் அது வேலை செய்தது யாருடைய காமிராவில்? புது லென்ஸ் பத்து வாங்கச் சக்தியுள்ளவனுடைய காமிராவில்! பசித்தவன் இலையில் பரிமாறாமல், ஏப்பம் விடுகிறவன் இலையில் இரண்டாந்தரம் பாயசம் ஊற்றுகிற பந்தி இது.

"நாக்கு வைக்கச் செலவாகும், ஐயா, மலிவுக் காமிராவில் எப்படிக் கட்டுபடியாகும்?" என்பார்கள். சரி, நாக்கு வேண்டாம். ஒளிமானி அந்த மலிவுக் காமிராவிலும் இருக்கிறதே! கண்ணெதிரே வருகிற வெளிச்சத்தை அளந்து சொல்ல அதற்கு என்ன தடை? பென்டாக்ஸும் 2003-ல் வந்த இஸ்ட் டி முதல் தன் டிஜிட்டல் காமிராக்களில் வளையத்தைத் தொடரும் உறுப்பை எடுத்துவிட்டது. அதுவும் செலவை எண்ணித்தான். ஆனால் அவர்கள் ஒரு பச்சைப் பொத்தானை வைத்தார்கள். 1975-ன் லென்ஸை மாட்டி, வளையத்தை வேண்டிய எண்ணில் வைத்து, அந்தப் பொத்தானை அமுக்கினால் துவாரம் ஒரு கணம் சுருங்கும்; காமிரா வெளிச்சத்தை அளக்கும்; ஷட்டரின் வேகத்தைத் தானே வைத்துக்கொள்ளும். பூர்ணமான சௌகரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதவைச் சாத்தும்போது ஒரு ஜன்னலையாவது திறந்து வைத்தார்கள். ஒருவரால் முடிந்தது இன்னொருவரால் முடியாமற் போனதற்கு, மனமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இதற்கு மறுபக்கம் பேசுகிறவர்களின் வாதத்தையும் கேட்போம். மின்சாரத்தால் இயங்கும் துவாரம் அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் ஒரே அளவாக மூடுகிறது. நெம்புகோலில் அந்தத் துல்லியம் வராது. வீடியோ எடுக்கும்போது சத்தமில்லாமல், படிப்படியாகக் குதிக்காமல் மாறுகிறது. இரண்டும் உண்மை. "காலம் மாறும், மாட்டு வண்டியின் அச்சு மோட்டார் காருக்குப் பொருந்தவில்லை என்று அழலாமா?" என்றும் கேட்பார்கள். இந்த உவமைதான் பிசகு. மாட்டு வண்டி காரைப் போல ஓடாது. ஆனால் பழைய லென்ஸ் இன்றைய காமிராவிலும் படம் எடுக்கிறது, அழகாகவே எடுக்கிறது. ஓடக்கூடியதை ஓடவிடாமல் கட்டிப் போட்டுவிட்டு, "பார், நொண்டி!" என்று சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். பொருள் தானாகத் தேய்ந்து பழசாவது ஒன்று. உத்தரவு போட்டுப் பழசாக்குவது வேறொன்று.

இதிலே காலம் ஒரு வேடிக்கை செய்தது. ரிப்ளெக்ஸ் காமிராவுக்குள் இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டு மிரர்லெஸ் காமிராக்கள் வந்தன. லென்ஸ் பொருந்தும் வாய்க்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே நிக்கான் எஃப்-ல் 46.5 மில்லிமீட்டர் தூரம். 2010-ல் வந்த ஸோனி ஈ வாயில் அது 18 மில்லிமீட்டர். 2018-ல் வந்த நிக்கான் இசட் வாயில் 16. மிச்சமுள்ள தூரத்துக்கு ஓர் உலோகக் குழாயை வைத்தால் போதும். உள்ளே கண்ணாடி வேண்டாம், கம்பி வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். வளையமுள்ள எந்தப் பழைய ரிப்ளெக்ஸ் லென்ஸும் எந்தக் கம்பெனியின் மிரர்லெஸ் காமிராவிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. கேனன் கைகழுவிய எஃப்.டி. லென்ஸ்கள் இருபது வருஷத்துக்கு மேற்பட்ட வனவாசம் முடிந்து ஊர் திரும்பின.

வளையத்தை இழந்த லென்ஸ்களோ அந்தக் குழாயின் முன்னால் ஊமையாக நின்றன. கேனன் ஈ.எஃப். லென்ஸை வெறும் குழாயில் வைத்தால் துவாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். நிக்கான் ஜி லென்ஸைத் திறக்க, நெம்புகோல் வைத்த விசேஷ அடாப்டர் தேட வேண்டும். நிக்கானே தன் இசட் காமிராவுக்குச் செய்த எஃப்.டி.இசட். அடாப்டரில் போகஸ் மோட்டாரும் இல்லை, வளையத்தைத் தொடரும் நாக்கும் இல்லை. வளையமுள்ள லென்ஸ் சுதந்திரப் பிரஜை. வளையமில்லாதது பிறந்த வீட்டின் மொழியை மட்டுமே பேசும் அடிமை. அந்த மொழியை அறிந்த காமிராக்களும் ரிப்பேர் செய்யும் உதிரிப் பாகங்களும் உலகில் இருக்கும்வரையில்தான் அதற்கு வாழ்வு.

இன்னொரு கூத்தையும் சொல்கிறேன். பல மிரர்லெஸ் காமிராக்களில் பழைய லென்ஸை மாட்டிப் பொத்தானை அமுக்கினால் படம் விழாது. மின்சாரத்தில் பதில் வராததால், முன்னால் லென்ஸே இல்லை என்று காமிரா முடிவு கட்டிவிடுகிறது. பட்டியலில் தேடி, 'லென்ஸ் இல்லாமலும் எடுக்கலாம்' என்று ஓர் அனுமதியைக் கொடுத்த பிறகுதான் அது இணங்கும். எதிரே குத்துக்கல்லாட்டம் அத்தனை கண்ணாடி நிற்கிறது, அதன் வழியே வந்த பிம்பம் திரையில் தெரிகிறது, ஆனால், "நீ இல்லவே இல்லை!" என்கிறது யந்திரம். அத்தாட்சிச் சீட்டு இல்லாதவனை உயிரோடு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பும் சர்க்கார் குமாஸ்தாவின் ஞாபகம் வரவில்லையா உங்களுக்கு?

வளையத்தின்மேல் மக்களுக்கு இருந்த ஆசை போகவில்லை என்பது கம்பெனிகளுக்கும் தெரியும். ஆகவே ஆசையை மட்டும் விற்கிறார்கள். 2021-ல் நிக்கான் இசட் எஃப்.சி. என்ற காமிராவைக் கொண்டுவந்தது. பார்த்தால் அப்பா காலத்துக் காமிரா போலவே இருக்கும். மேலே ஷட்டர் வேகத்துக்குச் சக்கரம். அதன் அருகே இன்னொரு சக்கரம். முன்னால் பழைய நிக்கார் லென்ஸின் சாயலில் 28 மில்லிமீட்டர் லென்ஸ். எல்லாம் உண்டு, எண் பொறித்த அபர்ச்சர் வளையம் மட்டும் இல்லை! பதிலுக்கு, காமிராவின் தலையில் சின்ன ஜன்னல் ஒன்று. அதில் எண் தெரியும். தாலியை வாங்கிக்கொண்டு தாலியின் போட்டோவைக் கொடுத்ததுபோல.

2012 முதல் பியூஜி பிலிம் தன் எக்ஸ் லென்ஸ்களில் வளையத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. அதைப் பாராட்டுகிறேன், கைக்கு அது சுகம். ஆனால் அதுவும் கம்பி வழியே சேதி அனுப்பும் வளையம்தான்; வேறு வீட்டில் வெறும் குழாயின்மேல் வைத்தால் சுற்றும், ஒன்றும் நடக்காது. கேனனின் 35 மில்லிமீட்டர் எஃப் 1.4 ஆர்.எஃப். லென்ஸ் 2024-ல் வளையத்தோடு வந்தது. வந்த நாளில் கடைகளில் இருந்த கேனன் காமிராக்களில் வீடியோ எடுக்கும்போது அந்த வளையத்தின் பேச்சு எடுபட்டது; போட்டோ எடுக்கும்போது எடுபடவில்லை. வளையம் கையில் இருக்கிறது, அதிகாரம் வேறெங்கோ இருக்கிறது.

பழையதையும் புதியதையும் ஒட்ட வைப்பது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் லைக்காவைக் காட்டுங்கள். 1954-ல் எம் 3 காமிராவுக்குச் செய்த லென்ஸ், 2022-ல் வந்த டிஜிட்டல் எம் 11-ல் அப்படியே பொருந்துகிறது. ஆனால் லைக்காவின் விலையைக் கேட்டால் நம்மில் பலர் நாற்காலியைத் தேடி உட்கார வேண்டியிருக்கும். நிக்கானும் 2013-ல் டி.எஃப். என்ற காமிராவைச் செய்தது. அதில் நாக்கைத் தூக்கி மடித்துவிட்டால் 1959-ன் லென்ஸ்கூடப் பொருந்தும். அதுவும் எளியவன் வாங்கும் விலையில் இல்லை. ஆக, முடியும். காசுள்ளவனுக்கு முடியும். நினைவும் தொடர்ச்சியும் ஆடம்பரப் பொருள்களாகிவிட்டன; மறதியைத்தான் மலிவு விலையில் விற்கிறார்கள்.

பெரிய புரட்சி ஒன்றும் நான் கேட்கவில்லை. மூன்றே விஷயங்கள். எந்த லென்ஸ் வழியாக வந்தாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். விலை குறைந்த காமிராவும் அதை அளந்து சொல்லட்டும். மின்சாரத்தால் மட்டுமே திறக்கும் லென்ஸைச் செய்கிறவர்கள், அதைத் திறக்கும் மொழியைப் பூட்டி வைக்காமல் வெளியிடட்டும். 2018-ல் பிறந்த ஆர்.எஃப். வாய்க்கு சிக்மாவும் டாம்ரானும் அனுமதி பெற்று லென்ஸ் அறிவிப்பதற்கு 2024 ஆயிற்று என்பதை நினைத்துப் பாருங்கள். மூன்றாவதாக, எந்தப் பழைய லென்ஸ் எந்தப் புதுக் காமிராவில் எந்த அளவுக்கு வேலை செய்யும், எது செய்யாது என்பதை விற்கும்போதே பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போடட்டும். வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு என்ன பிரயோசனம்?

கம்பெனிகள் தாமாக இதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. வாங்குகிறவன் கேட்டால் செய்யும். நாம் கத்தரிக்காய் வாங்கும்போதுகூடக் காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிறவர்கள். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "இந்தக் காமிரா என் அப்பாவின் லென்ஸை மதிக்குமா? இந்த லென்ஸ் என் பிள்ளையின் காமிராவில் திறக்குமா?" கடைக்காரர் விழிப்பார். விழிக்கட்டும். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். மொத்த வியாபாரி கம்பெனியிடம் கேட்பார். அங்கே போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.